எடைக் கணக்கா, வருகைக் கணக்கா? அபார்ட்மென்ட் அணிப் போட்டிக்கு எது சரி

எங்கள் குடியிருப்பில் எடைக் குறைப்புப் போட்டி நடத்தலாம் என்று அசோசியேஷன் முடிவு செய்தபோது, ஐந்து பேருக்கு ஓர் அணி, மூன்று மாதம் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. மார்க் எதற்குப் போடுவது என்பதில்தான் இழுபறி. எத்தனை கிலோ குறைந்தது என்று பார்ப்பதா, எத்தனை நாள் நடக்க வந்தார்கள் என்று பார்ப்பதா? விதிகளை எழுதும் வேலை என் தலையில் விழுந்ததால் இரண்டையும் அலசவேண்டி வந்தது. நான் வருகைக் கட்சி. கடைசியில் அதைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

ஃபோனில் காலடி எண்ணுவது மூன்றாவது யோசனையாக வந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்து ஃபோனை ஆட்டினால்கூட எண் ஏறும் என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் செய்தே காட்டிவிட்டான். அது அத்தோடு முடிந்தது.

எடைக் கணக்கின் பலம் அதன் எளிமை. ஒரு மெஷின், ஒரு எண், வாக்குவாதத்துக்கு இடமில்லை. கிலோவை விட்டுச் சதவீதமாகப் போட்டால் ஓரளவு நியாயமும் வந்துவிடும். 100 கிலோ ஆள் 5 கிலோ குறைப்பதும் 60 கிலோ ஆள் 3 கிலோ குறைப்பதும் அப்போது ஒன்றுதான். கூடுதல் எடை உள்ளவர்களுக்கு 5 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும் என்பதால், இலக்கும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஆனால் அணி பிரிக்கும்போதே இதன் கோளாறு தெரிந்துவிடும். குண்டாக இருப்பவர்களுக்கு ஏலம் மாதிரி போட்டி நடக்கும். "நான் இருக்கிறதே 58 கிலோ, என்னைச் சேர்த்தா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று மூன்றாவது மாடி மாமி ஒதுங்கப் பார்த்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. நடைப்பயிற்சி அவருக்குத்தான் முதலில் தேவை.

அடுத்தது தண்ணீர் விவகாரம். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு மூன்று நாள் சோற்றை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து போகும். மெஷினில் ஒரு கிலோவுக்கு மேல்கூடக் குறைந்து தெரியும், தொப்பை அப்படியே இருக்கும். மாதவிடாய் நாட்களில் இதுவே எதிர்ப்பக்கமாக ஏறி நிற்கும். கடைசி வாரம் வந்துவிட்டால் பட்டினி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது என்று வேடிக்கைகள் தொடங்கும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் அணிக்காகச் சாப்பாட்டைத் தவிர்த்தால், சர்க்கரை சட்டென இறங்கி மயங்கி விழ வாய்ப்பு உண்டு. ஒரு குடியிருப்புச் சங்கம் அந்தப் பொறுப்பை ஏன் சுமக்கவேண்டும்?

இதெல்லாம்கூட எனக்கு இரண்டாம்பட்சம். போட்டி முடிந்த மறுவாரம் என்ன நடக்கும் என்பதைத்தான் நான் பார்த்தேன். எடைக் கணக்கில் கடைசி நாள் மெஷினில் ஏறி இறங்கியதும் வேலை தீர்ந்தது, அன்று சாயங்காலமே பரோட்டா. வருகைக் கணக்கில் மூன்று மாதமாகப் பழகியது காலை ஆறு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்குவது. அதற்குக் கடைசி நாள் கிடையாது. பரிசு கொடுத்து முடித்த பிறகும் எங்கள் அணிகளில் பாதிக்கு மேல் நடந்துகொண்டிருக்கின்றன. மீதிப் பேர் காணாமல் போனார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாதிக்கு மேல் இன்னும் நடப்பதற்குக் காரணம் ஒரே ஒரு விதி என்று நினைக்கிறேன். அரை மணி நேரம் நடந்தால் ஒரு மார்க், வாரத்துக்கு ஐந்துக்கு மேல் கணக்கில் சேராது. அரை மணி வீதம் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தபட்சம் என்று சொல்வதும் அதுதான். ஐந்து பேரும் ஐந்து மார்க் எடுத்தால் மட்டுமே அணிக்கு போனஸ். இதனால் நன்றாக நடப்பவர் இன்னும் அதிகம் நடந்து பயனில்லை, வராதவரைப் போய் அழைத்து வந்தால்தான் லாபம். "சார், லிஃப்ட் கிட்ட நிக்கிறோம்" என்று ஃபோன் வந்தால் எத்தனை நாள்தான் போர்வைக்குள் இருக்கமுடியும்?

எடை குறையாவிட்டால் என்ன ஆரோக்கியம் என்று கேட்டவர்களுக்கு நான் சொன்னது நம் ஊர் ஆய்வைத்தான். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை வரும் விளிம்பில் இருந்தவர்களிடம் உணவு, நடை மாற்றங்களால் மட்டும் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடையில் பெரிய இறக்கம் இல்லை.

எடை மட்டும்தான் குறிக்கோள் என்றால் எங்கள் முறை மெதுவானது. அரை மணி நடையில் செலவாகும் கலோரியை ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் ஈடுகட்டிவிடும். சாப்பாட்டுக்கும் மார்க் போடலாமா என்று யோசித்தோம், ஆனால் அடுத்த வீட்டு அடுப்படியை யார் எட்டிப் பார்ப்பது? பக்கத்துக் குடியிருப்பில் எடைக் கணக்கில் நடத்தி எங்களைவிட அதிகம் குறைத்ததாகக் கேள்வி. குறைந்த எடை ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருந்ததா என்று அங்கே யாரும் அளக்கவில்லை, நாங்களும் இன்னும் அளக்கவில்லை. அதனால் அந்த விஷயத்தில் நான் அடித்துப் பேசமாட்டேன். எங்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள். இளவட்டங்களுக்கு நடையைவிட எண் ஏறி இறங்குவது அதிக உற்சாகம் தரலாம்.

எடையை அடியோடு விடவும் இல்லை. முதல் நாளும் கடைசி நாளும் அவரவர் வீட்டிலேயே எடையும் இடுப்புச் சுற்றளவும் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். நம்மவர்களுக்கு இடுப்பு வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அந்தச் சீட்டை யாரும் யாரிடமும் காட்டவேண்டியதில்லை. உங்கள் இடத்தில் எடைக் கணக்குதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், சதவீதமாகப் போடுங்கள், வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தால் மார்க் இல்லை என்று எழுதிவிடுங்கள், கர்ப்பிணிகளையும் இன்சுலின் போடுபவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பரிசுப் பணத்தையும் சிறியதாக வையுங்கள். எங்களிடம் தோற்ற அணி ஜெயித்த அணிக்கு ஞாயிற்றுக்கிழமை இட்லி வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான்.