பொங்கல் விடுமுறையில் ரிஞ்சானி மலையேற்றம் விற்கிறார்கள்: கடலூர், புதுச்சேரி நண்பர்கள் கவனத்திற்கு

இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலுள்ள ரிஞ்சானி எரிமலையின் ஏறுபாதைகள், மழைக்காலத்தை முன்னிட்டு ஜனவரித் தொடக்கத்தில் மூடப்பட்டு, ஏப்ரல் வாக்கில்தான் மீண்டும் திறக்கப்படுகின்றன. இது ஆண்டுதோறும் நடப்பது. தேசியப் பூங்கா நிர்வாகமே முன்கூட்டி அறிவித்துவிடுகிறது. அப்படியிருக்க, "பொங்கல் லீவில் ரிஞ்சானி உச்சி" என்று வண்ணத்தாள் அச்சிட்டு, புதுச்சேரியில் உள்ள ஒரு பயண முகவர் கடந்த பொங்கலுக்கு எங்கள் நடைக்குழுவைச் சேர்ந்த ஒன்பது பேரிடம் தலைக்கு 1,12,000 ரூபாய் வாங்கினார். மூடிக் கிடக்கும் மலைக்கு ஆள் பிடித்தார் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் கடலூரிலும் புதுச்சேரியிலுமாக இருப்பவர்கள். செஞ்சி ராஜகிரி, பர்வதமலை, கல்வராயன் மலை என்று பக்கத்து மலைகளில் ஏறிப் பழகியவர்கள். கடலும் மலையும் சேர்ந்த ஒரு தீவுக்கு ஒருமுறை போக வேண்டும் என்பது குழுவின் நெடுநாள் ஆசை. முகவரிடம் சென்றபோது எங்கள் கையில் நான்கு பெயர்கள் இருந்தன: இலங்கை, அந்தமான், இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியன், லொம்போக். விடுமுறை ஜனவரியில்தான் கிடைக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டோம். அவர் நான்கையும் ஒப்பிட்டு ஒரு தாள் தயாரித்துத் தந்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மலைகளின் உயரம், படம், விலை எல்லாம் அதில் உண்டு. எந்த மாதத்தில் ஏறலாம் என்ற பத்தி மட்டும் இல்லை.

உயரத்தை வைத்துப் பார்த்தால் ரிஞ்சானிதான் முதலில் நிற்கும். அது 3,726 மீட்டர். ரீயூனியனின் பித்தோன் தெ நேழ் ஏறத்தாழ 3,070, இலங்கையின் சிவனொளிபாதமலை 2,243, வட அந்தமானின் சாடில் சிகரம் வெறும் 732. ஆனால் மாதத்தை வைத்துப் பார்த்தால் இந்த வரிசை அப்படியே தலைகீழாகிவிடுகிறது. சிவனொளிபாதமலைக்கு யாத்திரைக் காலமே டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை நீள்கிறது. இரவெல்லாம் படிக்கட்டு நெடுக விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும், ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். அந்தமானிலும் ஜனவரி நல்ல வறண்ட காலம். சாடில் சிகரம் இருக்கும் திக்லிப்பூருக்குச் சாலை வழியாகப் போவதானால் ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தை வாகன அணியோடுதான் கடக்க வேண்டும் என்பதால் ஒரு முழு நாள் போய்விடும், அவ்வளவுதான். இந்த இரண்டையும் முகவர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். இலங்கை "பக்தர்கள் போகும் இடம்" என்றார். அந்தமான் "குட்டி மலை" என்றார். இரண்டிலும் அவருக்குக் கமிஷன் குறைவு என்பது என் ஊகம்.

ரீயூனியனை எங்களில் சிலர் மிகவும் விரும்பினார்கள். புதுச்சேரிக்காரர்களில் பலருக்கு அங்கே உறவினர் உண்டு. சாலையே இல்லாமல், நடந்தோ ஹெலிகாப்டரிலோ மட்டுமே போகக்கூடிய மஃபாத் பள்ளத்தாக்கைப் பற்றிக் கேட்டிருந்தோம். ஆயினும் அதற்கும் ஜனவரி ஆகாது. 2024இல் நாம் இங்கே பொங்கல் வைத்துக்கொண்டிருந்த அதே ஜனவரி 15ஆம் தேதிதான் பெலால் புயல் அந்தத் தீவைத் தாக்கியது. அதை முகவர் சரியாகவே சொன்னார். விந்தை என்னவென்றால், ரீயூனியனைப் போலவே பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் லொம்போக்குக்கும் அதுதான் மழைக்காலம் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

குழுவின் மூத்தவரான ஓய்வுபெற்ற ஆசிரியை, நாங்கள் அக்கா என்று அழைப்பவர், இதை நேரடியாகவே கேட்டார்: "தம்பி, அந்தப் பக்கம் ஜனவரியில மழை இருக்காதா?" அதற்கு அவர் சிரித்துக்கொண்டே, "நம்ம ஊர்லயே மார்கழியோட மழை முடிஞ்சிடுது, தை மாசத்துல எங்கம்மா மழை?" என்றார். கடலூர்க்காரர்கள் யாரும் தலையாட்டக்கூடிய பதில் இது. தானே புயல்கூட 2011 டிசம்பர் 30இல் அடித்து ஓய்ந்துவிட்டது. பொங்கலுக்கு நம் வானம் தெளிந்துவிடும். ஆனால் இங்கே மழை ஓய்வதற்கும் அங்கே மழை வலுப்பதற்கும் காரணம் ஒன்றுதான். சூரியனைத் தொடர்ந்து மழைப் பட்டை தெற்கே இறங்கி, டிசம்பர் முதல் மார்ச் வரை ஜாவா, பாலி, லொம்போக் பகுதியில் கொட்டுகிறது. பத்தாண்டுகளாக வெளிநாட்டுப் பயணம் நடத்துகிறேன் என்று பலகை வைத்திருப்பவருக்கு இது தெரியாது என்று நம்புவதற்கில்லை.

ரிஞ்சானியில் ஏற முன்பதிவும் அனுமதியும் கட்டாயம். பாதை மூடியிருக்கும் மாதங்களில் முன்பதிவுக்கே இடமில்லை. ஆனால் புறப்படுவதற்கு முந்தைய வாரம், "பர்மிட் எடுத்தாச்சு சார், கூடாரம், போர்ட்டர் எல்லாம் ரெடி" என்று அவர் வாட்ஸாப்பில் எழுதினார். அந்தச் செய்தியைப் படமெடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

லொம்போக்குக்குப் பக்கத்துத் தீவான பாலியில் இறங்கியதும் எங்களைக் கூட்டாவில் ஒரு விடுதியில் தங்கவைத்தார்கள். லொம்போக்குக்கு எப்போது படகு என்று வாகன ஓட்டுநரிடம் கேட்டோம். ரிஞ்சானி என்ற பெயரைக் கேட்டதும் அவர் வண்டியை ஓரங்கட்டி, கைப்பேசியில் பூங்காவின் அறிவிப்பை எடுத்துக் காட்டினார். ஏப்ரலில் வாருங்கள் என்றார். புதுச்சேரிக்குத் தொலைபேசியில் அழைத்தால், "திடீர் மழை சார், கடவுள் செயல்" என்ற பதில் வந்தது. மாற்றாகப் பாலியிலேயே பத்தூர் மலைக்கு அழைத்துச் செல்வதாகவும், அதற்குத் தலைக்கு ஏழு லட்சம் ரூபியா (இந்தோனேசியப் பணம்) அங்கேயே ரொக்கமாகத் தர வேண்டும் என்றும் சொன்னார். பத்தூர் 1,717 மீட்டர். இருட்டில் கிளம்பி இரண்டு மணி நேரத்தில் ஏறிச் சூரியோதயம் பார்த்து இறங்கும் மலை. அழகான இடம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூடாரமடித்து, எரிமலை வாயின் விளிம்பில் இரவு தங்கி, கீழே செகாரா அனாக் ஏரியைப் பார்க்கப் பணம் கட்டியவர்களுக்கு அது ஈடாகாது. மற்ற நாட்களில் மழையோடு மழையாகக் கடைத்தெரு சுற்றிக் காட்டினார்கள்.

பணக் கணக்கில் இன்னும் இரண்டு உண்டு. விசாவுக்கும் பாலியின் சுற்றுலா வரிக்கும் சேர்த்துத் தலைக்கு 8,500 ரூபாய் தனியாக வாங்கியிருந்தார். அங்கே விமான நிலையத்தில் தரும் விசாவுக்கு ஐந்து லட்சம் ரூபியா, சுற்றுலா வரி ஒன்றரை லட்சம் ரூபியா. இரண்டும் சேர்ந்து நம் பணத்தில் நான்காயிரத்தைத் தாண்டவில்லை. அடுத்தது டிசிஎஸ், அதாவது முகவர் நம்மிடம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி. வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு அப்போது 5 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது உண்மை. பிடித்த தொகை நம் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டு, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும். எங்களிடமும் 5 சதவீதம் பிடித்தார், ஆனால் ஒருவரிடமும் பான் எண் கேட்கவில்லை. மார்ச்சில் வருமான வரித் தளத்தில் வரி வரவுகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தபோது ஒன்பது பேர் கணக்கிலும் அந்தப் பணம் இல்லை.

திரும்பி வந்து கேட்டபோது, பயணத் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த "வானிலைக்கு உட்பட்டது" என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினார். நாள் குறித்து அறிவிக்கப்பட்ட மூடல் எப்படி வானிலை ஆகும் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம். அடுத்தது நுகர்வோர் ஆணையம்தான். கடை புதுச்சேரியில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் தருபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கப்போகிறோம். கட்டிய தொகை ஐந்து லட்சத்திற்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்திருக்கிறோம்.

இப்போது எழுதுவதற்குக் காரணம், அதே ஏரிப் படத்தோடு வரும் பொங்கலுக்கும் வண்ணத்தாள் புழக்கத்தில் இருப்பதுதான். ஏற்கெனவே முன்பணம் கட்டியிருப்பவர்கள் ரிஞ்சானி அனுமதிச் சீட்டின் நகலைத் தேதியோடு எழுத்து மூலம் கேளுங்கள். தர முடியாது என்றால் மீதித் தொகையைக் கட்டாமல், கட்டியதைத் திருப்பிக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். விமானச் சீட்டு எடுப்பதற்குள் கேட்டால் பிடித்தம் குறைவாக இருக்கும்.