ரிசப்ஷனுக்கு 9 வேண்டாம்: ஆபரேட்டர் எண்ணை மாற்றிய அனுபவம்

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் விற்கும் அலுவலகம் எங்களுடையது. 3 லேண்ட்லைன், 26 எக்ஸ்டென்ஷன். வெளியே பேச 0 அழுத்தி லைன் எடுக்க வேண்டும், ரிசப்ஷனை, அதாவது ஆபரேட்டரைக் கூப்பிட 9. நம் ஊரில் பல அலுவலகங்களில் இதுதான் வழக்கம். போன்களையெல்லாம் இணைக்கும் எங்கள் இன்டர்காம் பெட்டியும் வந்த நாளிலிருந்து அப்படியே இருந்தது.

சிக்கல் மொபைல் எண்களால் வந்தது. செல்போனில் டயல் செய்து பழகிய விரல், லைன் எடுக்க மறந்து நேராக 98... என்று அழுத்தும். இன்டர்காம் பெட்டியோ முதல் எண்ணைப் பார்த்ததுமே முடிவெடுத்துவிடும். 2 என்றால் எக்ஸ்டென்ஷன், இன்னும் இரண்டு எண் வரட்டும் என்று காத்திருக்கும். 9 என்றால் காத்திருக்க எதுவுமில்லை, உடனே ரிசப்ஷனில் மணி அடிக்கும். அங்கே இருக்கும் அக்கா ரிசீவரை எடுத்தால், எதிர்முனையில் மீதி எண்களை அழுத்துகிற சத்தம் காதில் பீப் பீப் என்று விழும். அவர் அதைப் பல வருடம் பொறுத்துக்கொண்டார். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று ஆனதும் குழப்பம் இரண்டு மடங்கானது. லைனுக்கு ஒரு சைபர், மொபைலுக்கு இன்னொரு சைபர். எதை எப்போது போடுவது என்று தெரியாமல் தடுமாறியவர்களில் பாதிப் பேர் அக்காவிடம்தான் போய் விழுந்தார்கள். அந்தப் பிப்ரவரியில் எண்ணை மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

முதலில் தேர்ந்தெடுத்தது 1. நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9-இல்தான் தொடங்கும், எங்கள் எக்ஸ்டென்ஷன்கள் 2-இல். 1-க்கு யாருமே போட்டியில்லை என்று நினைத்தோம். டெக்னீஷியன் சனிக்கிழமை மாலை வந்தார். பழைய அமைப்பை லேப்டாப்பில் பேக்கப் எடுத்து, எண் அட்டவணையில் ஆபரேட்டர் இடத்தில் 9-ஐ நீக்கி 1 போட்டு, பெட்டியை அணைத்துப் போட்டார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. திங்கட்கிழமை அக்காவின் மேஜை அமைதியாக இருந்தது. இப்போது 98 என்று அழுத்தினால் உடனே தவறு என்று டோன் கேட்கும், அழுத்தியவரே திருத்திக்கொள்வார்.

ஆனால் 9-ஐ நம்பி எத்தனை இடங்கள் இருந்தன என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மேஜைப் போன்களில் 'ரிசப்ஷன்' என்று எழுதி வைத்திருந்த பட்டன்கள் எல்லாம் பழைய எண்ணையே டயல் செய்தன. அது சின்ன விஷயம். லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசரப் போன் பட்டனை அழுத்தினால் தானாக 9-ஐ டயல் செய்யும்படி வைக்கப்பட்டிருந்தது. பத்து நாள் கழித்து லிஃப்ட் சர்வீஸுக்கு வந்தவர் அழுத்திப் பார்த்துச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்தப் பத்து நாளில் கரன்ட் போய் யாராவது உள்ளே மாட்டியிருந்தால், அந்தப் போனில் ஒருவரும் கிடைத்திருக்க மாட்டார்கள். மாற்றும் முன்பே கட்டடத்தில் இருக்கிற ஒவ்வொரு கருவியையும் நடந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் 2022-இல் இன்னொரு தவறு தெரிந்தது. 1-க்குப் போட்டியில்லை என்று நினைத்தோமே, 100, 101, 108, 112 எல்லாம் 1-இல்தான் தொடங்குகின்றன. கிடங்கில் ஒருவர் மயங்கி விழுந்தபோது பக்கத்தில் இருந்த பையன் பதற்றத்தில் 0 போடாமல் 108 அழுத்தினான். மணி ரிசப்ஷனில் அடித்தது. பகல் நேரம், அக்கா உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இரவாக இருந்தால் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும்.

அன்று இரவு இதைப் பற்றிப் படித்தபோதுதான் கரி ஹன்ட் என்ற பெண்ணைப் பற்றித் தெரிந்தது. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் மார்ஷல் என்ற ஊரில், ஹோட்டல் அறையில் அவர் தாக்கிக் கொல்லப்பட்டார். அவருடைய 9 வயது மகள் அந்நாட்டு அவசர எண்ணான 911-ஐ நான்கு முறை அழுத்தியிருக்கிறாள். வெளி லைனுக்கு முதலில் இன்னொரு 9 போட வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அழைப்பு வெளியே போகவே இல்லை. அவர் பெயரிலேயே 2018-இல் அங்கே சட்டம் வந்தது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு நிறுவப்படும் அலுவலக, ஹோட்டல் தொலைபேசி அமைப்புகளில் எந்த முன் எண்ணும் இல்லாமல் 911 போயாக வேண்டும். அதைப் படித்த பிறகு எங்கள் 1-ஐ அப்படியே விட்டுவைக்க மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமையே ஆபரேட்டரை 5-க்கு மாற்றினோம். எதோடும் மோதாத எண் அது. 1 காலியானதால் பெட்டியில் இருந்த குறுக்கு டயல் வசதியில் 100, 101, 108, 112 நான்கையும் சேர்க்க முடிந்தது. இப்போது எந்தப் போனிலும் வெறும் 108 அழுத்தினால் பெட்டியே லைன் எடுத்து டயல் செய்துவிடும். சோதிக்கிறேன் என்று 108-ஐ அழைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது, அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். முதலில் அந்தக் குறுக்கு எண்ணுக்கு என் மொபைல் எண்ணைப் போட்டு, 26 போனிலிருந்தும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உண்மையான எண்ணை ஏற்றினோம்.

வெளியிலிருந்து கூப்பிடுபவர்களுக்கு மட்டும் "ஆபரேட்டருக்கு 9" என்ற பழைய பதிவுக் குரலே இன்றும் இருக்கிறது. எங்கள் பெட்டியில் அந்த அட்டவணை தனி, உள்ளே மாற்றினால் அது மாறாது. பழைய வாடிக்கையாளர்கள் குரல் முடியும் முன்பே 9-ஐ அழுத்திவிடுவார்கள், அவர்களை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

மாற்ற நினைப்பவர்கள் டெக்னீஷியனைக் கூப்பிடும் முன் எண் அட்டவணையை ஒரு தாளில் 0 முதல் 9 வரை எழுதி, எந்த எண்ணில் எதெல்லாம் தொடங்குகிறது என்று நிரப்பிப் பாருங்கள். அவசர எண்களையும் மறக்காமல் எழுதுங்கள். நாங்கள் முதல் தடவையே இதைச் செய்திருந்தால் 1-ஐத் தொட்டிருக்கவே மாட்டோம். புதிதாகச் சேருபவர்கள் பழைய அலுவலகப் பழக்கத்தில் இன்னும் 9 அழுத்துகிறார்கள். அதற்காக ஒவ்வொரு போனிலும் '5 ரிசப்ஷன், 0 லைன், 108 நேராக' என்று சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை லிஃப்ட் போனை நானே அழுத்திப் பார்க்கிறேன்.