கோத்தகிரி மலைத்தேன்: தேனுக்கு நான்கு நட்சத்திரம், லேபிளுக்கு ஒன்று

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் நான். அதனால் எந்தப் பாட்டிலை வாங்கினாலும் முதலில் லேபிளைத்தான் படிப்பேன். போன வாரம் கோத்தகிரியில் ஒரு சின்னக் கடையில் அரை கிலோ மலைத்தேன் வாங்கினேன். லேபிளில் "கிருமி கொல்லும் பெப்டைடு நிறைந்தது, தினம் ஒரு ஸ்பூன், நோய் அண்டாது" என்று போட்டிருந்தார்கள்.

பாதி உண்மை. தேனீயின் சுரப்பியிலிருந்து டிஃபென்சின்-1 என்ற சின்னப் புரதம் தேனில் கலக்கிறது; லேபிள் சொல்லும் பெப்டைடு என்பது இந்த மாதிரிச் சின்னப் புரதம்தான். ஐரோப்பியத் தேனீயின் தேனில் அதை 2010-இல் அடையாளம் கண்டார்கள். இவ்வகைப் பெப்டைடுகள் பெரும்பாலும் நேர்மின்னூட்டம் கொண்டவை. பாக்டீரியாவின் மேலுறையோ எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் பெப்டைடு போய் ஒட்டிக்கொண்டு உறையில் ஓட்டை போட்டுவிடும். ஆனால் விழுங்கினால்? புரதம் வயிற்றில் செரித்துப்போகும், பருப்பு மாதிரி. நம் கண், தோல், குடல் எல்லாம் இதே வகை ஆயுதத்தைத் தாமே தயாரிக்கின்றன. ஸ்பூன் கணக்கு அவற்றுக்குத் தேவையில்லை.

கடைக்காரரிடம் சொன்னேன். "அக்கா, அச்சடிச்சது மேட்டுப்பாளையத்துல, நான் என்ன பண்றது?" என்று சிரித்தார். சரி, விடுங்கள்.

தேன் அருமை. லேசான கசப்பு, நல்ல வாசனை. மூடிதான் மட்டம், பஸ்ஸில் பையெல்லாம் பிசுபிசுத்துவிட்டது. இன்னொன்று: ஒரு வயசுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் நாக்கில்கூடத் தடவாதீர்கள், பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வரலாம். அதை லேபிளில் போடவே இல்லை.