ஜெராக்ஸ் கடை உயிரியல் வினா வங்கி: கேள்விகள் அருமை, கீயை மட்டும் நம்பாதீங்க

செமஸ்டர் நெருங்கும்போது கோவை காந்திபுரம், பீளமேடு பக்கமும், ஈரோடு, திருப்பூர், கோபி, பொள்ளாச்சிக் கல்லூரி வாசல்களிலும் உள்ள ஜெராக்ஸ் கடைகளில் ஒரு ஸ்பைரல் பைண்டிங் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். அட்டையில் "உயிரியல் வினா வங்கி" என்று மட்டும் இருக்கும். தொகுத்தவர் பெயர் கிடையாது. பி.எஸ்சி. விலங்கியல், தாவரவியல், பயோடெக் மூன்றுக்கும் பொதுவானது. எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும் வாங்குகிறார்கள். மரபியல், பரிணாமம், உடலியங்கியல், மீதி எல்லாம் சேர்த்து ஒன்று என நான்கு பகுதிகள். விலை ஒரு சினிமா டிக்கெட் அளவுதான்.

வாங்கலாம். கேள்விகள் உண்மையிலேயே யோசிக்க வைக்கின்றன. ஆனால் கடைசியில் இருக்கும் விடைப் பகுதியை, அதாவது கீயை, அப்படியே மனப்பாடம் செய்தால் மதிப்பெண் போகும். அதைவிட மோசம், தப்பான வழிமுறை மனதில் ஊறிப்போகும். எங்கெங்கே கவனம் வேண்டும் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

முதலில் மரபியல். புத்தகத்தின் உயிரே இந்தப் பகுதிதான். மூன்று மரபணுக்கள் குரோமோசோமில் எந்த வரிசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் சோதனைக் கலப்புக் கணக்கு ஒன்று இருக்கிறது. 1000 சந்ததிகள்: ஏபிசி மூன்று பண்பும் மாறியவை 395, மூன்றும் இயல்பானவை 389, ஏ மட்டும் 62, பிசி 58, ஏசி 44, பி மட்டும் 46, ஏபி 4, சி மட்டும் 2. எண்களைத் திட்டமிட்டு அமைத்திருக்கிறார்கள். எழுதிய வரிசை ஏ-பி-சி, உண்மையான வரிசை அதுவல்ல. பெரிய இரண்டு வகுப்பும் பெற்றோர் வகை, மிகச் சிறிய இரண்டும் இரட்டைக் குறுக்கேற்றம் (குரோமோசோம் இரண்டு இடத்தில் முறிந்து துண்டு மாறியவை). இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடம் மாறியிருப்பது சி மட்டுமே. ஆக நடுவில் இருப்பது சி, வரிசை ஏ-சி-பி.

இதுவரை கீ சரி. தூரம் கணக்கிடும்போதுதான் சறுக்குகிறது. ஏ-சிக்கு 62ஐயும் 58ஐயும் மட்டும் கூட்டி 12.0 என்கிறது. சி-பிக்கு 44ஐயும் 46ஐயும் கூட்டி 9.0. மொத்தம் 21. இரட்டைக் குறுக்கேற்ற 6 சந்ததிகளிலும் ஏ-சி இடையே ஒரு முறை, சி-பி இடையே ஒரு முறை என இரண்டு இடத்திலும் முறிவு நடந்திருக்கிறது. அதனால் அந்த 6ஐ இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும்: 126/1000 = 12.6 சென்டிமார்கன் (மரபணுத் தூர அலகு), 96/1000 = 9.6 சென்டிமார்கன், மொத்தம் 22.2. நடுவில் உள்ள சியை மறைத்துவிட்டு ஏ, பி இரண்டை மட்டும் பார்த்தால் 21.0தான் வரும். இரட்டைக் குறுக்கேற்றம் நடந்தவை பெற்றோர் வகை போலவே தெரிவதுதான் காரணம். மூன்றாவது மரபணு எதற்கு என்ற கேள்விக்கே இந்த 1.2 வித்தியாசம்தான் பதில், கீ அதையே தொலைத்துவிட்டது. குறுக்கீடு (ஒரு குறுக்கேற்றம் பக்கத்தில் இன்னொன்றைத் தடுக்கும் அளவு) கேட்டால்: எதிர்பார்ப்பு 0.126 × 0.096 × 1000 = 12.1, கிடைத்தது 6, ஒத்திசைவுக் கெழு ஏறக்குறைய 0.50, குறுக்கீடும் 0.50.

அடுத்தது ஹார்டி–வீன்பெர்க், அதாவது ஒரு கூட்டத்தில் மரபணு வகைகளின் விகிதம் சமநிலையில் இருக்கிறதா என்று பார்க்கும் கணக்கு. 100 பேரில் மரபணு வகை எம்எம் 30, எம்என் 40, என்என் 30. அலீல் (ஒரு மரபணுவின் மாற்று வடிவம்) நிகழ்வெண் 0.5, 0.5. எதிர்பார்ப்பு 25, 50, 25. கை ஸ்கொயர் (எதிர்பார்ப்பிலிருந்து விலகலை அளக்கும் எண்) 1 + 2 + 1 = 4. கீ என்ன செய்கிறது? வகுப்பு மூன்று, ஆகவே டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (சுதந்திரமாக மாறக்கூடிய வகுப்புகளின் எண்ணிக்கை) 2, அட்டவணை மதிப்பு 5.991, நம் மதிப்பு அதைவிடக் குறைவு, எனவே சமநிலையில் இருக்கிறது என்கிறது. முடிவே தலைகீழ். அலீல் நிகழ்வெண்ணை இதே 100 பேரிடமிருந்துதான் எடுத்தோம், அதற்காக இன்னொன்றைக் கழிக்க வேண்டும். 3 − 1 − 1 = 1. அட்டவணை மதிப்பு 3.841. நமது 4 அதைத் தாண்டுகிறது, 5 சதவீத மட்டத்தில் சமநிலை இல்லை. மெண்டலின் 9:3:3:1 கணக்கில் விகிதம் கோட்பாட்டிலிருந்தே வருகிறது, தரவிலிருந்து எதையும் மதிப்பிடுவதில்லை, அங்கே 4 − 1 = 3 சரிதான். இந்த வேறுபாட்டைச் சோதிக்கத்தான் 30, 40, 30 என்று எண் கொடுத்திருக்கிறார்கள் என்பது தெளிவு. கேள்வி எழுதியவரும் கீ எழுதியவரும் வேறு வேறு ஆள் போலத் தெரிகிறது.

பால் சார்ந்த மரபில் மட்டும் புத்தகம் நம்ம ஊருக்குள் வந்திருக்கிறது, மனதார மகிழ்ச்சி. நாமக்கல் குஞ்சுப் பொரிப்பகத்தில் ஒரு நாள் குஞ்சை இறகு பார்த்துப் பிரிப்பது எப்படி என்று ஒரு கேள்வி. கோழியில் பெட்டைதான் இரு வகைப் பால் குரோமோசோம் கொண்டது, இசட்-டபிள்யூ; சேவலுக்கு இரண்டும் இசட். மெதுவாக இறகு வளர்க்கும் அலீல் ஓங்குபண்பு, இசட்டில் இருக்கிறது. வேகமாக வளரும் சேவலை மெதுவாக வளரும் பெட்டையோடு கலந்தால், பெட்டையின் ஒரே இசட் மகன்களுக்குத்தான் போகும், அதனால் சேவல் குஞ்சு எல்லாம் மெதுவு, பெட்டைக் குஞ்சு எல்லாம் வேகம். இறக்கையை விரித்தால் பெட்டையில் முதன்மை இறகு அதை மூடும் மேலிறகைவிட நீளமாக இருக்கும், சேவலில் இரண்டும் சமம் அல்லது மேலிறகே நீளம். கீயும் இங்கே கச்சிதம். பெற்றோரை மாற்றிப் போட்டால் ஏன் பிரிக்க முடியாது என்பதையும் கேட்டிருக்கலாம்: மெதுவான சேவல் தூய கால்வழியாக இருந்தால் குஞ்சுகள் எல்லாமே மெதுவாகத்தான் வரும், ஆண் பெண் தெரியாது.

இரண்டு பக்கம் தள்ளிப் பட்டுப்புழுக் கேள்வி. உடுமலையிலும் கோபியிலும் பட்டு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கமான விஷயம்தான். சில இனங்களில் பெண் புழுவின் உடலில் கோடு இருக்கும், ஆண் புழு மொழுக்கென்று இருக்கும். புழு நிலையிலேயே ஆண் பெண் பிரிக்க வசதி. கீ இதை இசட் குரோமோசோம் மரபு என்று எழுதியிருக்கிறது. அப்படி இருந்தால் கோடுள்ள தாயிடமிருந்து கோடு மகனுக்குப் போயிருக்கும், மேலே பார்த்த கோழிக் குஞ்சைப் போல. இங்கே தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு மட்டும் போகிறது. பட்டுப்புழுவிலும் பெண்தான் இசட்-டபிள்யூ, ஆகவே அப்படிப் போகக்கூடியது டபிள்யூ ஒன்றுதான். உடல் குரோமோசோமில் இருந்த கோட்டு மரபணுத் துண்டை டபிள்யூவில் ஒட்ட வைத்து உருவாக்கிய இனங்கள் இவை. இடமாற்றம் என்ற பாடத்துக்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு கிடைக்காது. அதைத் தப்பாக விளக்கியது பெரிய குறை.

பன்மடியம் (குரோமோசோம் தொகுதி இரண்டுக்கு மேல் இருப்பது) பகுதியில் கோதுமையும் முள்ளங்கி–முட்டைக்கோஸ் கலப்பும்தான். கோவை வீரகேரளத்தில் 1912 முதல் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இருக்கிறது, அங்கே உருவான கோ 205 பற்றி ஒரு வரி இல்லை. வெள்ளை என்ற தடித்த கரும்பு (குரோமோசோம் 80) தாய், காட்டுக் கரும்பு (64) தந்தை. சந்ததியில் எத்தனை? பாதி பாதி என்று 40 + 32 = 72 எழுதினால் தப்பு. இந்தக் கலப்பில் தாய் தன் 80ஐயும் முழுசாகக் கொடுக்கிறது, 80 + 32 = 112. குன்றல் பகுப்பு (இனச்செல் உருவாகும் செல் பகுப்பு) எப்போதும் பாதியாக்கும் என்று நினைப்பவரைத் தடுமாற வைக்கும் நல்ல கேள்வி இது, ஓரத்தில் எழுதி வையுங்கள். ஈரோட்டு மஞ்சளையும் சேர்க்கலாம்: 63 குரோமோசோம், மும்மடியம், குன்றல் பகுப்பில் ஜோடி சேராமல் தடுமாறும், அதனால்தான் விதைக்கிழங்கு வைத்து வெள்ளாமை செய்கிறோம்.

பால் தாக்கமுள்ள (ஆண், பெண் உடலில் வேறுபட்டு வெளிப்படும்) பண்புக்கு வழுக்கைத் தலையை மட்டும் ஒற்றை மரபணுவாகக் கொடுத்திருக்கிறார்கள். வழுக்கையில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. காங்கேயம் மாட்டை எடுத்துக்கொள்ளலாம்: கன்று செந்நிறத்தில் பிறக்கும், ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாகும், பொலிகாளைக்குத் திமிலும் கழுத்தும் கருக்கும், காயடித்த எருதுக்கு அந்தக் கருமை இருக்காது. ஹார்மோன் எப்படி நிறத்தை மாற்றுகிறது என்பதற்கு ஊருக்குள்ளேயே சாட்சி.

பரிணாமப் பகுதி சுமார். புவியியல் தடையால் இனம் பிரிவதற்கு கலாபகஸ் குருவியைத் தவிர வேறு எதுவும் கிடையாது. பொள்ளாச்சியில் நின்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அடிக்கிறது. அந்தக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியிலும் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளிலும் சோலைக்காட்டுப் பறவைகள் தனித்தனி இனங்களாகப் பிரிந்திருக்கின்றன. நீல நிறச் சோலைப் பறவைகளில் வடக்கே ஓர் இனம், தெற்கே இன்னோர் இனம். சிரிப்பான் பறவைகளிலும் அதே கதை. நீலகிரி யானைக்கும் ஆனைமலை யானைக்கும் மரபணு வேறுபாடு இருப்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மலையிலேயே வாழ்ந்து வெப்பமான தாழ்நிலத்தைக் கடக்காத பறவைக்கு அது கடல் மாதிரி. யானை நடந்து கடக்கக்கூடியதாயிற்றே, பிறகு ஏன் வேறுபாடு என்று கேட்டால் மாணவர் உண்மையிலேயே யோசிப்பார்.

பி.டி. பருத்தியை (பாக்டீரிய மரபணு சேர்த்து, தானே பூச்சி நச்சை உண்டாக்கும் பருத்தி) புழு எதிர்த்து நிற்பது பற்றிய கேள்வி நல்ல கேள்வி. விடையில் "இளஞ்சிவப்புக் காய்ப்புழு நச்சுக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது" என்று ஒரு வாக்கியம், அதை அடித்துவிடுங்கள். பழகியது எந்தப் புழுவும் இல்லை. எதிர்ப்பு அலீல் முன்பே கூட்டத்தில் மிக அரிதாக இருந்தது, நச்சு மற்றவற்றைக் கொன்றது, இவை மிஞ்சின. ஒடுங்கு அலீல் ஆயிரத்தில் ஒன்று என்று வைத்தால், இரண்டு அலீலும் எதிர்ப்பாக உள்ள புழு பத்து லட்சத்தில் ஒன்று, ஓர் அலீல் மட்டும் தாங்கியது ஆயிரத்தில் இரண்டு. அந்த ஒன்று இன்னொரு எதிர்ப்புப் புழுவோடு சேராமல் பார்ப்பதற்குத்தான் ஓரத்தில் பி.டி. அல்லாத பருத்தி ஐந்து வரிசை அல்லது 20 சதவீதப் பரப்பு, எது அதிகமோ அது, நட வேண்டும் என்று முன்பு இருந்த விதி. அங்கிருந்து வரும் சாதாரண அந்துப்பூச்சியோடு சேர்ந்தால் சந்ததி ஓர் அலீல் தாங்கியதாகிறது, அது செடியைத் தின்றால் சாகும். புகலிட வரிசையை நடாமல் விட்டால் இந்தக் கணக்கு உடைகிறது. தேர்வில் இப்படி எழுதினால் முழு மதிப்பெண்.

உடலியங்கியல் கணக்குகள் நேர்த்தி. ஃபிக் முறையில் இதய வெளியேற்றம்: நிமிடத்துக்கு 250 மில்லி ஆக்சிஜன், தமனியில் லிட்டருக்கு 200, கலப்புச் சிரையில் 150, ஆக 250/50 = 5 லிட்டர். கிரியேட்டினின் கிளியரன்ஸும் (சிறுநீரகம் நிமிடத்துக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் அளவு) சரி: 1.25 × 1 / 0.01 = 125 மில்லி. செல் சவ்வின் மின்னழுத்தத்தைக் கணிக்கும் நெர்ன்ஸ்ட் கணக்கில்தான் குறி மாறுகிறது. பொட்டாசியம் வெளியே 4, உள்ளே 140, 37 டிகிரி. 61.5 × லாக் (4/140) = −95 மில்லிவோல்ட். கீயில் உள்ளே/வெளியே என்று தலைகீழாக வைத்து +95 வந்திருக்கிறது. நேர்மின் அயனி உள்ளிருந்து வெளியே கசிந்தால் உள்பக்கம் எதிர்மின்னாகத்தான் மிஞ்சும் என்று ஒரு நொடி நினைத்தால் போதும், குறி தானாகத் தெரியும்.

சிறுநீரில் சர்க்கரை எப்போது வரும் என்ற கேள்விக்கு கீ 100 மில்லி ரத்தத்துக்கு 300 மில்லிகிராம் என்கிறது. சிறுநீரகம் நிமிடத்துக்கு மீட்கக்கூடிய உச்சச் சர்க்கரை 375 மில்லிகிராமை, நிமிடத்துக்கு வடிகட்டும் 1.25 டெசிலிட்டரால் வகுத்தால் 300 வரும், கணக்கு சரி, உடம்பு அப்படியல்ல. நெஃப்ரான்கள் (சிறுநீரகத்தின் வடிகட்டிக் குழல்கள்) எல்லாம் ஒரே திறன் கொண்டவை அல்ல. திறன் குறைந்தவை முன்னாலேயே நிரம்பி வழிந்துவிடுகின்றன, அதனால் 100 மில்லிக்கு 180–200 மில்லிகிராமிலேயே சிறுநீரில் தெரிய ஆரம்பிக்கிறது. இரண்டு எண்ணையும் காரணத்தோடு எழுதுங்கள்.

நான்காம் பகுதி, செல், சூழலியல், நுண்ணுயிரியல் எல்லாம் ஒரு வரி விடைக் கேள்விகள். கடைசி வாரத்தில் புரட்டினால் போதும்.

படிக்கும் முறை: கீப் பக்கங்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். கணக்கைத் தனித்தாளில் முடித்து, உங்கள் விடையை வேறு வழியில் ஒரு முறை சரிபார்த்த பிறகு அவிழ்த்துப் பாருங்கள். விடை மாறினால் உங்களுடையது தப்பு என்று உடனே அடிக்க வேண்டாம், வகுப்பில் ஆசிரியரிடம் இரண்டையும் காட்டுங்கள்.

கடையில் வாங்கும்போது வம்சாவளிப் படப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். காப்பிக்குக் காப்பி எடுத்த பிரதிகளில், நோயைத் தாங்கி வருபவரைக் குறிக்கும் பாதி நிழல் வட்டம் முழுக் கறுப்பாகி நோயாளி போல அச்சாகியிருக்கிறது. அதை வைத்து எந்த மரபு என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆக்சிஜன் பிணைப்பு வளைகோட்டில் அச்சு எண்கள் மங்கிவிடுகின்றன, 50 சதவீதத்துக்கு நேராக 26.6 இருப்பது தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கணினியிலிருந்து நேராக பிரிண்ட் போட்ட பிரதி இருக்கிறதா என்று அண்ணனிடம் கேளுங்கள், பல கடைகளில் உள்ளே வைத்திருப்பார்கள்.