‘தி அசென்ட்’: அடைக்கலம் தந்த வீட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் போர்ப்படம்

தலைமறைவுப் போராளிகளைப் பற்றிய போர்ப்படங்கள் பெரும்பாலும் தகர்க்கப்பட்ட பாலங்களையும் கவிழ்க்கப்பட்ட ரயில்களையும் கொண்டே கதையை நடத்திவிடுகின்றன. அவர்களுக்கு ஒரு வேளை உணவும் ஒதுங்க ஒரு கூரையும் கொடுத்த குடும்பத்துக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்று அவை திரும்பிப் பார்ப்பதில்லை. சோவியத் இயக்குநர் லரிஸா ஷெபித்கோ எடுத்து, 1977இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது பெற்ற ‘தி அசென்ட்’ அந்தக் குடும்பத்தைக் கதையின் நடுவிலேயே வைக்கிறது. வாசில் பிகவ் எழுதிய ‘சோத்னிகவ்’ குறுநாவலைத் தழுவிய இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை, கிரைட்டீரியன் நிறுவனம் 2021இல் வெளியிட்ட புளூ-ரே வட்டில் பார்த்து எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் பிடியில் இருக்கும் பெலாரஸில், பெண்களும் குழந்தைகளும் உடன்வர, பனிக்காட்டுக்குள் பட்டினியோடு பின்வாங்கும் பார்ட்டிசான் (தலைமறைவுப் போராளி) குழு ஒன்று, உணவு தேடிவர இருவரை அனுப்புகிறது. ஒருவன் ரிபாக், உடல் வலுவும் சமயோசிதமும் உள்ளவன். மற்றவன் சோத்னிகவ், ஆசிரியராக இருந்தவன், இருமலோடு புறப்படுகிறவன். முரோம் நகரை ஒட்டிய பகுதியில் கடுங்குளிர்காலத்தில் படமாக்கியிருக்கிறார்கள். காலில் குண்டடி பட்ட தோழனை ரிபாக் பனியில் அங்குலம் அங்குலமாக இழுத்துச் செல்லும் நீண்ட காட்சியில், ஒளிப்பதிவாளர் விளாதிமிர் சுக்னோவின் கேமரா அவர்கள் முகத்தை விட்டு விலகுவதே இல்லை. மூச்சிரைப்பும் பனி நொறுங்கும் ஓசையும் பின்னணி இசைக்கு இடமே வைப்பதில்லை.

இதன்பின் வரும் குடிசைக் காட்சிக்காகவே இந்தப் படத்தைப் பரிந்துரைப்பேன். மூன்று சிறு பிள்ளைகளோடு வாழும் தெம்சிகா என்ற பெண்ணின் வீட்டுக்குள் இருவரும் நுழைகிறார்கள். அவர்களை வரவேற்கும் மனநிலையில் அவள் இல்லை, ஆனாலும் விரட்டிவிடவில்லை. ஜெர்மானியருக்கு வேலை செய்யும் உள்ளூர்க் காவலர்கள் வந்து சேரும்போது இருவரும் பரணில் ஒளிந்திருக்க, சோத்னிகவ் தன் இருமலை அடக்கப் பார்த்துத் தோற்கிறான். அந்த ஓர் ஓசையில் மூவர் கைதாகிறார்கள். பிள்ளைகள் தனியே விடப்படுகிறார்கள். துரோகியும் இல்லை, காட்டிக்கொடுத்த கோழையும் இல்லை. நோயுற்ற ஒருவனின் நெஞ்சுதான் அந்த வீட்டை அழித்தது என்பதை ஷெபித்கோ எவ்விதச் சமாதானமும் சொல்லாமல் காட்டுகிறார். போராளிகளைப் பற்றித் தகவல் கொடுக்காத கிராமத் தலைவரும், யூதச் சிறுமி ஒருத்தியும் கைதான மூவரும் அடைக்கப்படும் நிலவறைக்கு வந்து சேர்கிறார்கள். தெம்சிகாவின் அச்சத்தையும் கதறலையும் தியாகமாக மெருகேற்றாமல் அப்படியே விட்டிருப்பதில் லுத்மிலா போல்யகோவாவின் நடிப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

இது கதைக்காகக் கூட்டப்பட்ட கொடுமை அன்று. பார்ட்டிசான்கள் ஜெர்மானிய வாகன அணி ஒன்றைத் தாக்கியதற்குப் பழியாக, 1943 மார்ச் 22 அன்று கத்தின் என்ற பெலாரஸ் கிராமத்தில் 149 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 75 பேர் குழந்தைகள். படத்துக்குத் தணிக்கைத் தடை வரக்கூடும் என்ற நிலையில், பெலாரஸ் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பியோத்தர் மாஷெரவ் அதைப் பார்த்து நெகிழ்ந்து ஆதரித்ததாகச் சொல்லப்படுகிறது. அவரே பார்ட்டிசான் தளபதியாக இருந்தவர். அவருடைய தாயை ஜெர்மானியர் கொன்றிருந்தார்கள்.

எனக்கு ஒப்பாத ஓர் இடமும் உண்டு. பிற்பகுதியில் சோத்னிகவின் முகம் தேவாலய ஓவியத்தில் வரும் முகம்போல ஒளியூட்டப்பட, அவன் இயேசுவாகவும் ரிபாக் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸாகவும் வெளிப்படையாகவே நிறுத்தப்படுகிறார்கள். பனியில் தோழனை இழுத்து வந்தவன் ரிபாக்தான் என்பதை நாம் மறக்க முடியாதபோது, இந்த உவமை அவனுக்கு நியாயம் செய்வதாக இல்லை. பிழைத்திருக்க விரும்பும் அவனுடைய ஆசையை விளாதிமிர் கோஸ்த்யூகின் அத்தனை இயல்பாக நடித்திருப்பதால், தீர்ப்பு சொல்லும் பொறுப்பைப் பார்வையாளரிடமே விட்டிருக்கலாம். விசாரணை அதிகாரியாக வரும் அனதோலி சொலனீத்சினின் சோர்ந்த, எல்லாம் அறிந்த குரல் மட்டும் இந்தக் குறையை அவ்வப்போது சமன் செய்கிறது. ஆல்ஃபிரெட் ஷ்னிட்கேயின் இசை கடைசி அரைமணி நேரத்தில்தான் ஓங்குகிறது. அந்தச் சிக்கனம் சரியானது.

இதே வகையில் வந்த பிரெஞ்சு இயக்குநர் மெல்வில்லின் ‘ஆர்மி ஆஃப் ஷேடோஸ்’ பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தவரின் தனிமையை இதைவிடக் கூர்மையாகக் காட்டுகிறது என்பேன். ஆனால் அது போராளிகளுக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

வட்டின் பிம்பத் தரம் சிறப்பானது. வெண்பனியின் நுண்ணிய நிற வேறுபாடுகளும் முகத்தில் உறைந்த பனித்துகள்களும் தெளிவாகத் தெரிகின்றன. ஷெபித்கோ 1979இல் கார் விபத்தில் இறந்தபின் அவருடைய கணவர் எலெம் கிளிமவ் எடுத்த ‘லரிஸா’ குறும்படமும் இதில் இருக்கிறது. வசன வரிகள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. புளூ-ரே வட்டுகள் குறிப்பிட்ட உலக மண்டலத்தின் கருவிகளில் மட்டும் ஓடும்படி பூட்டப்படுவதுண்டு. இந்த வட்டு ஏ மண்டலத்துக்கு உரியது, இந்தியாவோ சி மண்டலத்தில் வருகிறது. ஆகவே எல்லா மண்டலங்களையும் ஏற்கும் கருவி இல்லாதவர்கள் வாங்குமுன் அதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. சிங்கப்பூர், மலேசிய வாசகர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.