இரண்டு விலாங்குப் பொட்டலங்களும் மெய்ன் ஆற்று விலையும்

ஜூலைக் கடைசியில், ஜப்பானியர் விலாங்கு உண்ணும் எருது நாளையொட்டி, டோக்கியோவில் வீட்டருகே உள்ள சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு கபயாக்கிப் பொட்டலங்கள் வாங்கினேன். நடுமுள் நீக்கிய விலாங்கை, சோயா சாறும் சர்க்கரையும் சேர்ந்த குழம்பில் தோய்த்துச் சுடுவதே கபயாக்கி. சீனாவில் வளர்ந்தது 1,280 யென். உள்நாட்டில் வளர்ந்தது 2,580 யென்.

ஒட்டியிருந்த குழம்பை வெந்நீரில் அலசி, சிறிது சாக்கே என்னும் அரிசி மது தெளித்து மூடிச் சூடாக்கிய பிறகு, புதுக் குழம்பு தடவி வாட்டினேன். சீன விலாங்கு தடிமனாகவும் கொழுப்பு மிகுந்தும் இருந்தது. ஆனால் தோல் பல்லில் இழுபட்டது. உள்நாட்டு விலாங்கின் சதை சோற்றோடு குழைந்தது. நுண்முள் நாவில் தட்டவேயில்லை. மேலானது அதுதான், இருமடங்கு விலைக்குத் தகுமா என்றால், இல்லை.

விலாங்கின் விலையை ருசி மட்டும் தீர்மானிப்பதில்லை. 2010-இல் ஜப்பானிய ஆய்வகத்தில் முட்டை முதல் அடுத்த தலைமுறை வரை வளர்த்துக் காட்டிய பின்னரும், பண்ணைகள் கடலிலிருந்து ஆற்று முகத்துக்கு வரும், உடல் ஒளி ஊடுருவும் கண்ணாடிக் குஞ்சுகளையே நம்பியிருக்கின்றன. 2010 இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் தன் விலாங்கை வெளியே விற்பதைத் தடுத்ததும், ஆசியப் பண்ணைகளின் கண் அமெரிக்கக் குஞ்சின்மேல் விழுந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநில ஆறுகளில் பிடிக்கும் குஞ்சு 2018-இல் ஒரு பவுண்டு 2,300 டாலரைத் தாண்டியது. கொரோனா முடக்கத்தில், 2020-இல், 525 டாலர் அளவுக்குச் சரிந்தது. 2022-இல் மறுபடியும் 2,000 டாலருக்கு மேல் ஏறியது. ஒரு பவுண்டில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குஞ்சுகள் இருக்கும் என்பதால், அந்த விலையில் நூலிழை போன்ற ஒரு குஞ்சுக்கே ஏறக்குறைய ஒரு டாலர் ஆனது. ஸ்பெயினிலோ குஞ்சுகளையே பூண்டும் எண்ணெயும் சேர்த்து உண்பார்கள். அது எட்டாக்கனியாகிவிட, அரைத்த மீன் சதையில் செய்த போலிக் குஞ்சு 1991 முதல் விற்பனையில் இருக்கிறது.

'உள்நாட்டு' என்ற சொல்லையும் முழுதாக நம்பிவிட முடியாது. அதிக காலம் வளர்ந்த இடமே ஜப்பானில் பிறப்பிடமாகக் கொள்ளப்படுகிறது. குஞ்சு ஹாங்காங் வழியாக வந்திருக்கலாம், அங்கோ சொல்லிக்கொள்ளும்படி குஞ்சுப் பிடிப்பே கிடையாது, ஆக எங்கே பிடித்தது என்றே தெரியாது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று நம்மூரில் விலாங்கைச் சொல்வார்கள். அது பொட்டலத்தின் மேலுள்ள சீட்டுக்கும் பொருந்தும்.

எருது நாளுக்கு மறுநாள் மாலை, அதே உள்நாட்டுப் பொட்டலத்தின்மேல் முப்பது விழுக்காடு தள்ளுபடிச் சீட்டு ஒட்டியிருந்தது. அந்த விலைக்கு வாங்கலாம்.