ஃபெர்மி காமா மூலப் பட்டியல்: நிலைமாறும் பல்சர்களைத் தேடுவோர் பார்வையில்

2008 ஜூனில் ஏவப்பட்ட ஃபெர்மி விண்தொலைநோக்கியின் நான்காம் பட்டியல், எட்டாண்டுத் தரவிலிருந்து காமா கதிர் வீசும் 5,064 வான்மூலங்களைத் தொகுத்து இலவசமாகவே தருகிறது. அவற்றில் 1,300-க்கும் மேற்பட்டவை இன்னதென்று அடையாளம் காணப்படாதவை. ரேடியோத் துடிப்பு நிலைக்கும் வாயு வட்டு சூழ்ந்த நிலைக்கும் இடையே மாறும் மில்லிவிநாடிப் பல்சர்களை (நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் நியூட்ரான் விண்மீன்களை) தேடுபவருக்கு உண்மையான சரக்கு அங்கேதான் இருக்கிறது.

இடத்தின் துல்லியம்தான் முதல் சிக்கல். மங்கலான மூலங்களுக்குப் மூலம் இருக்கக்கூடிய வான்பரப்பைக் குறிக்கும் பிழைநீள்வட்டம் பல வில்நிமிடம் (ஒரு வில்நிமிடம் பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அகன்றிருப்பதால், அதற்குள் பொருத்தமான எக்ஸ்-கதிர் மூலத்தை வேறு தொலைநோக்கிகளின் துணையோடு நாமே தேடிப் பிடிக்க வேண்டும். அதன் எக்ஸ்-கதிர் ஒளி உயர்வு, தாழ்வு என்ற இரு அளவுகளுக்கிடையே சில விநாடிகளில் தாவுமானால் சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிடும், முந்தைய மூன்றாம் பட்டியலின் 3எஃப்ஜிஎல் ஜே1544.6-1125 என்ற மூலம் அப்படிச் சிக்கியதே.

பட்டியலின் பெரிய குறை, ஆற்றல்வாரியாக ஒளியளவைக் காட்டும் நிறமாலையைப் பல ஆண்டுகளுக்குச் சராசரியாக்குவது. பிஎஸ்ஆர் ஜே1023+0038 என்ற நிலைமாறும் பல்சர் 2013 ஜூனில் வட்டுநிலைக்குத் திரும்பியபோது அதன் காமா ஒளி ஏறத்தாழ ஐந்து மடங்கு உயர்ந்தது. சராசரியோ அதன் இரு முகங்களையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. ஒளி காலப்போக்கில் மாறுவதைக் காட்டும் ஆண்டுவாரி ஒளிவளைவையும் பட்டியலே தருகிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. இந்த வேட்டைக்கு நிறமாலை எண்களைவிட அதையே முதலில் திறந்து பார்க்கப் பரிந்துரைப்பேன்.